நூற்றுக்கு எண்பத்தேழு

அந்த நியூஸக் கொஞ்சம் நிப்பாட்டுங்க சார். கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. ஃபோனச் சத்தமா வச்சிருக்கீங்க, அந்தப் பய குரல் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. அதே சேனல்தான? அதேதான். பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் அவய்ங்களுக்கு ஒரு விளம்பரமாப் போயிரும்.

நல்லா சாஞ்சு உக்காருங்க. மேல போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். பதினெட்டு வளைவு, வளைவு வந்தா முன்னால கம்பியப் பிடிச்சுக்கங்க. என்ன வேல பாக்குறீங்க? கணக்கு வாத்தியாரா? அட, நல்ல ஆளத்தான் கடவுள் என் பக்கத்துல உக்கார வச்சிருக்காரு. மூணு மாசமா ஒரு கணக்கு வாத்தியாரத்தான் சார் தேடிக்கிட்டு இருக்கேன். மடியில இருக்கே ஃபைலு, பூராவும் கணக்குதான். ஒன்னொன்னாச் சொல்றேன், நீங்களே மார்க் போடுங்க.

எம்பேரு சிவனாண்டி. ஊரு செங்கரட்டூர். பாத்தீங்களா, ஊர்ப் பேரக் கேட்டதும் ஒரு பார்வ பாக்குறீங்க. துப்பாக்கி ஊருன்னு உங்க மனசுல ஓடுது. உங்களச் சொல்லிக் குத்தமில்ல, ஓட வச்சவன் மதுரையில ஏசி ரூம்ல உக்காந்திருக்கான்.

எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வீடு கீழ, தோட்டம் மேல. வீடு தமிழ்நாடு, ஏலக்காய் கேரளா. நடுவுல கோடு போட்டவன் எங்களக் கேட்டா போட்டான்? ரேஷன் கார்டு கீழ, ஓட்டு கீழ, சம்பாத்தியம் மேல. மேல பன்னி இருக்கு சார், காட்டுப் பன்னி. ஒரு ராத்திரி கூட்டமா எறங்குச்சுன்னா ஒரு வருசத்துச் செடி காலி. அதுக்காகப் பயிர்ப் பாதுகாப்புன்னு சொல்லி அரசாங்கமே துப்பாக்கி லைசென்ஸ் குடுத்திருக்கு. ரெண்டு மாநிலத்துக்கும் செல்லும். பன்னியச் சுடுறதுக்கு இல்ல, வானத்தப் பாத்து ஒரு வெடி, சத்தத்துக்கே ஓடிரும். என் காவக்காரன் மொக்கராசு ஒரு வெடி போட்டான்னா நாலு நாளைக்கு அந்தப் பக்கம் ஒன்னும் வராது. நாந்தான் பழக்கினேன், பதினோரு வருசமா அவன்தான் காவல். அத விடுங்க, கணக்குக்கு வர்றேன்.

எங்க ஊர்ல லைசென்ஸ் நாப்பத்திரெண்டு. அதுக்கு ஒரு சங்கம் இருக்கு. நாந்தான் தலைவரு, ஒன்பது வருசமா எதிர்த்து ஒருத்தன் நின்னதில்ல. தேர்தல் தேதி அறிவிச்சாய்ங்கன்னா லைசென்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், தேர்தல் முடிஞ்சதும் திருப்பித் தருவாய்ங்க. இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப துப்பாக்கி மேல தோட்டத்துல இருக்கு. ஸ்டேஷன் கீழ இருக்கு. என்னா செய்யணும்? எடுத்துக்கிட்டு எறங்கணும். வழியில செக்போஸ்ட். அங்க வண்டிய நிப்பாட்டி, லைசென்ஸப் பாத்து, ஒரு நோட்டுல பேரு, ஊரு, துப்பாக்கி நம்பரு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு விடுவாய்ங்க. எப்பவும் நடக்குறதுதான்.

நான் வீடு வீடாப் போயிச் சொன்னேன் சார். ஒருத்தனும் காட்டுப் பாதையில எறங்கக் கூடாது, செக்போஸ்ட்ல நின்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வரணும், நாளைக்கு யாரும் நம்மள ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னு. எல்லாப் பயலும் கேட்டாய்ங்க. முறையா நின்னாய்ங்க, முறையா எழுதினாய்ங்க. அந்த முறைதான் சார் எங்களுக்கு வினையா வந்துச்சு.

அந்த மாசம் அந்த நோட்டுல ஏறின துப்பாக்கி நாப்பத்தேழு. அதுல எங்க ஊரு நாப்பத்தொன்னு. மிச்சம் ஆறுல நாலு பேங்க் பண வண்டியில போற காவலருங்களோடது, ரெண்டு சுடுற போட்டிக்குப் போன பசங்களோடது. இப்ப நாப்பத்தொன்ன நாப்பத்தேழால வகுத்து நூறால பெருக்குங்க. எவ்வளவு வருது? எண்பத்தேழு. வாத்தியார்னா வாத்தியார்தான், பேப்பரே வேண்டியதில்ல. அந்தச் சேனல்லயும் ஒருத்தன் உங்கள மாதிரியே வகுத்துப் பெருக்கிட்டான்.

சாயங்காலம் ஆறு மணி நியூஸு. நான் காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன். பேய்ப் படத்துக்குப் போடுற மாதிரி ஒரு மியூசிக். பெரிய எழுத்துல வருது, எல்லையில் சிக்கிய துப்பாக்கிகளில் நூற்றுக்கு எண்பத்தேழு செங்கரட்டூரைச் சேர்ந்தவை. பக்கத்துல மிஷின் கன் படம். எங்க ஊர்ல மிஷின்னா தையல் மிஷினும் மாவு மிஷினும்தான் சார் இருக்கு. ஒரு மேப்பு வேற. எங்க ஊரச் சுத்திச் சிவப்பு வட்டம், அதுலருந்து மல மேல பாத்து ஒரு அம்பு. அம்பு போற திசையே தப்பு. துப்பாக்கி மேல இருந்து கீழ வந்துச்சு, இவய்ங்க கீழ இருந்து மேல ஏத்திவிட்டாய்ங்க. கடத்தல் தலைநகரமாம். ஒரு கேள்வி கேக்குறேன், கடத்துறவன் எவனாவது செக்போஸ்ட்ல நின்னு கையெழுத்துப் போட்டுட்டுக் கடத்துவானா? கடத்துற பய எவனும் அந்த நோட்டுல இருக்க மாட்டான். அந்த நோட்டுல இருக்கிறவன் எவனும் கடத்துறவன் இல்ல. ஒரு சின்னப் புள்ளைக்குப் புரியும் இது.

அடுத்த வாரமே கூத்து ஆரம்பிச்சுருச்சு. செக்போஸ்ட்ல எங்க ஊரு வண்டின்னா மட்டும் ஏலக்காய் மூட்டையில இரும்புக் கம்பிய விட்டுக் குத்துறாய்ங்க. காய் உடைஞ்சா தரம் போச்சு, தரம் போச்சுன்னா ஏலத்துல எவன் கை தூக்குவான்? மேல லாட்ஜுல எங்க ஊருன்னு சொன்னா ரூம் இல்லங்குறாய்ங்க. எல்லாத்துக்கும் மேல, கலெக்டர் ஆபீஸ்லருந்து கடிதாசி வருது, நாப்பத்திரெண்டு லைசென்ஸையும் மறுபரிசீலனை பண்ணப் போறோம்னு. அப்புறம் பன்னிக்கு நாங்க கைதட்டணும்.

ஊரே என் வாசல்ல வந்து நின்னுச்சு. நூத்துக்கு நூறு பேரு தலைவரு போய்க் கேக்கணும்னுட்டாய்ங்க. எப்படி நூத்துக்கு நூறுன்னா, டீக்கடையில கேட்டேன், நாலு பேரு இருந்தாய்ங்க, நாலு பேரும் சொன்னாய்ங்க. ஏன் சார் சிரிக்கிறீங்க?

மதுரைக்குப் போனேன். அங்க செய்தி ஆசிரியரு ஒருத்தன், அரவாழின்னு பேரு, ஆறு மணி நியூஸ்ல வர்றதும் அவன்தான். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தாடிய அளவெடுத்து வெட்டியிருந்தான். மரியாதையாத்தான் உக்கார வச்சான். நான் மொதக் கேள்வியே கேட்டேன், எண்பத்தேழுங்குறீங்களே, எதுல எண்பத்தேழு? சிக்கினதுலங்குறான். சிக்குனதுன்னா என்ன? நிறுத்திச் சோதிச்சதுங்குறான். அப்ப பஸ்ஸ நிப்பாட்டி டிக்கெட் பாக்குறாரே செக்கிங் இன்ஸ்பெக்டரு, அவரு பாத்தவன் எல்லாம் டிக்கெட் எடுக்காதவனான்னு கேட்டேன். பக்கத்து டேபிள்ல ஒரு பொண்ணு சிரிச்சிருச்சு.

அவன் அசரல. அந்த நோட்டு இருக்குறது உண்மையான்னு கேட்டான். உண்மை. நாப்பத்தேழு உண்மையா? உண்மை. நாப்பத்தொன்னு உங்க ஊரா? ஆமா. அப்புறம் நாங்க எதத் திருத்தணும்னு கேட்டுட்டு, கைய விரிச்சுச் சிரிக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு சார். அப்பத்தான் ஒன்னு சொன்னேன். எங்க ஊர்ல இப்பவும் அதச் சொல்லிக்கிட்டுத் திரியுறாய்ங்க.

"நீங்க சொன்னதெல்லாம் நெசந்தான் தம்பி. சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுலதான் பொய் இருக்கு."

அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா திருத்தம் போடல. ஆதாரம் கொண்டாங்க, பாப்போம்னான். எங்கிட்டயே ஆதாரம் கேக்குறான், மிஷின் கன் படத்துக்கு ஆதாரம் எங்கடான்னு கேக்கத் தோணுச்சு, வாய அடக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வந்து தகவல் உரிமைச் சட்டத்துல ரெண்டு மனு போட்டேன். ஒன்னு செக்போஸ்ட்டுக்கு, அந்த நோட்டு நகல் வேணும்னு. ஒன்னு எங்க ஸ்டேஷனுக்கு, தேர்தலுக்கு ஒப்படைச்ச துப்பாக்கிப் பட்டியல் வேணும்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, செக்போஸ்ட்ல எழுதின நாப்பத்தொன்னும் ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுரும். ஸ்டேஷன் ரைட்டர் நமக்கு வேண்டியவரு. என்னண்ணே, யோசிச்சுத்தான் போடுறீங்களான்னு ஒரு மாதிரியாக் கேட்டாரு. உங்களுக்கு என்னய்யா தெரியும், இது மானப் பிரச்சனைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

முப்பதாவது நாள் பதில் வந்துச்சு. பைசா சுத்தமா நான் சொன்ன கணக்கு. அங்கயும் நாப்பத்தொன்னு, இங்கயும் நாப்பத்தொன்னு. நம்பருக்கு நம்பரு ஒத்துப் போச்சு. அத சேனலுக்கு அனுப்பி, திருத்தம் போடலன்னா கோர்ட்டுக்குப் போவேன்னு எழுதினேன். பயந்துட்டாய்ங்க சார். நேரடி ஒளிபரப்புல விவாதத்துக்கு வாங்க, நீங்களே சொல்லுங்கன்னு கூப்பிட்டாய்ங்க. போனேன். புது வேட்டி, புது சட்ட. மூஞ்சியில பவுடர் போட்டு விட்டாய்ங்க, அதுக்கும் உக்காந்தேன்.

அரவாழிதான் எதுத்தாப்புல. நான் ரெண்டு காகிதத்தையும் தூக்கிக் காட்டி வாசிச்சேன். எங்க ஊர்ப் பயலுக எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காய்ங்க. எழுதினது நாப்பத்தொன்னு, ஒப்படைச்சது நாப்பத்தொன்னு, கடத்தல் எங்கன்னு கேட்டேன். எதுல எத்தனைன்னு சொல்லாம ஒரு நம்பரச் சொல்றது நம்பரே இல்லன்னு சொன்னேன். அவன் தலையத் தலைய ஆட்டுனான். நீங்க சொல்றது நியாயம் ஐயா, எங்க செய்தியில முழு விவரம் இல்லதான்னு சொன்னான். ஜெயிச்சுட்டேன் சார். அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசம் எங்கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல.

அதோட விட்டிருக்கலாம்ல? அந்தப் பய கேக்குறான், "ஒப்படைச்சது நாப்பத்தொன்னு. எத்தனையில ஐயா?"

நான் பெருமையில இருக்கேன், சங்கத் தலைவரு, விரல் நுனியில கணக்கு. எங்க ஊர்ல லைசென்ஸ் நாப்பத்திரெண்டுன்னு சொல்லிட்டேன்.

"அப்ப அந்த ஒன்னு எங்க ஐயா?"

மத்த நேரமெல்லாம் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க விளம்பர இடைவேளை விடுறவன் சார். அன்னிக்கு விடல. வேர்த்து, பவுடர் வழிஞ்சு கண்ணுல எறங்குது. அது தோட்டத்துல பத்திரமா இருக்குன்னு சொன்னேன். யாரோட துப்பாக்கின்னான். என்னோடதுன்னேன். வேற என்னா சொல்லச் சொல்றீங்க, நேரடி ஒளிபரப்பு.

இதுல பெருசா என்னா இருக்கு? அப்ப காய் பறிப்பு நேரம். பன்னி தினமும் வருது. எல்லாரும் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டு, நான் ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டு வர்றேன்னு ரைட்டர்கிட்டச் சொல்லியிருந்தேன். ரெண்டு நாளு நாலு நாளாச்சு, தேர்தலே முடிஞ்சு போச்சு. தலைவருக்கு அந்தச் சலுகைகூட இல்லன்னா என்னா தலைவரு?

மறுநாள் காலையில கேரளா போலீஸ் தோட்டத்துக்குப் போயிட்டாய்ங்க. மொக்கராசு குடிசை வாசல்ல உக்காந்து துப்பாக்கியத் தொடச்சுக்கிட்டு இருந்திருக்கான். ஓடணும்னுகூடத் தோணல அந்த மனுசனுக்கு. மொதலாளி துப்பாக்கின்னு சொல்லி ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்திருக்கான். லைசென்ஸ் எங்கன்னு கேட்டா, அது மொதலாளிகிட்ட இருக்கும்னுருக்கான். கூட்டிக்கிட்டுப் போயிட்டாய்ங்க. இன்னியோட இருபத்தி மூணு நாள் ஆகுது.

அன்னிக்கு ராத்திரி சேனல்ல என்ன போட்டாய்ங்க தெரியுமா? இந்த ஆண்டு எல்லை தாண்டிக் கைப்பற்றப்பட்ட செங்கரட்டூர் துப்பாக்கிகளில் நூற்றுக்கு நூறும் உரிமம் இல்லாத காவலாளிகளிடம் இருந்தவை. ஒன்னுல ஒன்னு சார். ஒத்தத் துப்பாக்கி, ஒத்த மொக்கராசு. அதுக்கு நூத்துக்கு நூறு. இவய்ங்க கையில உங்க பள்ளிக்கூடத்தக் குடுத்தா எல்லாப் புள்ளையும் பாஸு.

போலீஸ் என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாய்ங்க. எழுதிக் குடுத்தேன். தோட்டத்து வீட்ல இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டியிருந்தேன். பெட்டிக்குச் சாவி ரெண்டு, ஒன்னு எங்கிட்ட, ஒன்னு மொக்கராசுகிட்ட. சம்பவத்தன்னிக்கு நான் கீழ ஊர்ல இருந்தேன். மூணு வரி. இந்தா, நகல் பாருங்க. ஒரு வார்த்த பொய் இருக்கா? பெட்டியும் இருக்கு, பூட்டும் இருக்கு, சாவியும் ரெண்டுதான். அவய்ங்களா அவன் தெரியாமத் தொறந்து எடுத்துட்டான்னு முடிவு பண்ணிக்கிட்டா அதுக்கு நான் என்னா செய்யுறது? நான் அப்படிச் சொல்லல. திருட்டுன்னு ஒரு எழுத்து நான் எழுதல. உரிமமில்லாம வச்சிருந்ததோட திருட்டையும் சேத்துப் போட்டது அவய்ங்க.

இன்னிக்குக் கோர்ட்டுல என்னயக் கூப்பிட்டுக் கேப்பாய்ங்க. அதுக்குத்தான் போறேன். நீதிபதிகிட்ட இந்தக் கணக்கு மொத்தத்தையும் குடுக்கலாம்னு கொண்டு வந்திருக்கேன். எண்பத்தேழு எப்படி வந்துச்சு, நூறு எப்படி வந்துச்சு, சேனல் எப்படி மக்கள ஏமாத்துதுன்னு விளக்கமா எழுதியிருக்கேன், பதினாறு பக்கம். வக்கீலு வேணாங்குறாரு. அவருக்குக் கணக்கு வராது.

முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, பச்சச் சீல. மடியில துணிப்பை வச்சிருக்குல்ல, அதான் போதுமணி. மொக்கராசு பொண்டாட்டி. பையில அவனுக்கு ஒரு சட்டையும் வேட்டியும் இருக்கு. இன்னிக்கு விட்டா போட்டுக்கிட்டு வரணும்ல. காலையில பஸ் ஸ்டாண்டுல பாத்துச்சு. திட்டும்னு நெனச்சேன், அழுகும்னு நெனச்சேன். ரெண்டும் செய்யல. பக்கத்துல வந்து நின்னு சொல்லுது.

"சொன்னதெல்லாம் நெசந்தான் மொதலாளி. விட்டதையும் சொல்லிருங்க."

ஊர்ல எல்லாப் பயலும் சொல்லித் திரியுறதக் கேட்டிருக்கு போல. என் வசனத்த எனக்கே சொல்லுது. இதெல்லாம் எவனோ சொல்லிக் குடுத்து அனுப்புறதுங்க சார். அதுபாட்டுக்குச் சொல்லிட்டுப் போயி முன் சீட்டுல உக்காந்துருச்சு. இந்தப் பதினாறு வளைவுல ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.

என்னா கேட்டீங்க? தோட்டா யாரு குடுத்ததுன்னா?

கணக்கு வாத்தியாரு கணக்கத்தான கேக்கணும்.

நாந்தான் குடுத்தேன். வேற யாரு குடுப்பா? சாவியும் நாந்தான் குடுத்தேன். பன்னி வந்தா எடுத்து ஒரு வெடி போடுடான்னு சொன்னதும் நாந்தான். பதினோரு வருசமாச் சொல்றேன். அதுக்கு முன்னால துப்பாக்கியத் தொட்டதுகூட இல்ல அவன். நான் சொல்லாம அந்தப் பெட்டியத் தொறக்குற ஆளும் இல்ல. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அந்தப் பொம்பளைக்கும் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். அந்த மூணு வரியோட இந்த ஒரு வரியச் சேத்தா அவன் இன்னிக்குச் சாயங்காலமே வெளிய வந்துருவான், வக்கீலே சொல்லிட்டாரு.

எனக்கும் மனசு இருக்கு சார். ராத்திரி தூங்குறதில்ல. கேஸு எம்மேல வரட்டும், லைசென்ஸ் போகட்டும், தலைவர் பதவிய எவனாவது வச்சுக்கட்டும். அதெல்லாம்கூடத் தாங்கிக்குவேன். ஆனா நான் அந்த ஒரு வரியச் சொன்னேன்னு வைங்க, ஆறு மணிக்கு அரவாழி வருவான். அந்த மியூசிக் வரும். சேனல எதுத்துக் கேட்டவரே எல்லை தாண்டித் துப்பாக்கி குடுத்தவருன்னு போடுவான். எண்பத்தேழுன்னு நாங்க அன்னிக்கே சொன்னோமேம்பான். எண்பத்தேழு இல்ல சார். நாப்பத்திரெண்டுல ஒன்னு. நூத்துக்கு ரெண்டரகூட வராது. நீங்களே வகுத்துப் பாருங்க. அந்தப் பய ஜெயிச்சதா ஆயிரும்ல, அதத்தான் என்னால தாங்க முடியாது.

கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சு. பாருங்க, எந்திரிச்சு முன் வாசல்கிட்டப் போயி நிக்குது. இப்பத்தான் திரும்பிப் பாக்குது. எறங்காம எனக்காக நிக்குது போல.

கொஞ்சம் கால நகட்டுங்க சார். நான் பின் வாசல் வழியா எறங்கிக்கிறேன்.